நள்ளிரவில் நாய்க்கு முடியவில்லை: கடலூரா, புதுச்சேரியா, சென்னையா?

போன மாதம் ஒரு ராத்திரி பத்தே முக்காலுக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து தெரிந்த தம்பி ஒருவன் கூப்பிட்டான். அவன் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஏழு வயது. வயிறு முட்டச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. வாந்தி எடுக்க முக்குகிறது, நுரையைத் தவிர எதுவும் வரவில்லை. படுக்கிறது, எழுந்திருக்கிறது, இடம் மாறிப் படுக்கிறது. விலாவுக்குப் பின்னால் தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம். "வண்டியை எடுத்துட்டேன் அண்ணே. நேரா சென்னைக்கே போயிடறேன், அங்கதான் எல்லா வசதியும் இருக்கு" என்றான்.

வண்டியைத் திருப்பச் சொன்னேன். அவன் சொன்ன அடையாளம் எல்லாம் இரைப்பை முறுக்கிக்கொண்டதற்கானவை. நெஞ்சு ஆழமான பெரிய சாதி நாய்களுக்கு இரைப்பையில் காற்று நிறைந்து, வீங்கி, அப்படியே திருகிக்கொள்ளும். உள்ளே ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். கடலூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 180 கிலோமீட்டர். காலிச் சாலையில்கூட மூன்றரை மணி நேரம். அந்த நாய்க்கு அத்தனை நேரம் கிடையாது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரை எழுப்பினோம். அவர் முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார், இறங்கவில்லை. விலாப் பக்கம் முடியை மழித்து ஒரு தடிமனான ஊசியைக் குத்தியதும் சைக்கிள் டியூபிலிருந்து காற்று போவது மாதிரி சத்தம் வந்தது. இரண்டு கால்களிலும் டிரிப்ஸ் ஏற்றினார். அதற்குள் புதுச்சேரியில் அறுவை செய்யும் தனியார் டாக்டர் ஒருவரிடம் போனில் பேசி முடித்துவிட்டார். ஒன்றேகால் மணிக்கு நாய் மேசையில் இருந்தது. முறுக்கை அவிழ்த்து, திரும்பவும் முறுக்காமல் இருக்க இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். பிழைத்துக்கொண்டது. மொத்தச் செலவு 43,000 ரூபாய். தம்பி வீட்டில் ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போனது.

இந்த மாதிரிக் கேள்வியோடு மாதத்துக்கு ஒருவராவது என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் டாக்டர் கிடையாது. கடலூரில் பத்தொன்பது வருடமாக நாயும் பூனையும் வளர்க்கிறேன், அவ்வளவுதான். அதில் சரியாக எடுத்த முடிவுகளும் உண்டு, இன்றுவரை மனசை அறுக்கும் முடிவுகளும் உண்டு. இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் இருப்பவருக்கு உண்மையில் இருக்கும் வழிகள் இவ்வளவுதான்: உள்ளூர் டாக்டர் அல்லது மாட்டாஸ்பத்திரி, புதுச்சேரி குரும்பாபேட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி தனியார் கிளினிக்குகள், சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகள். இவற்றோடு வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதும், போதும் என்று நிறுத்துவதும் இருக்கின்றன. எது உசத்தி என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. வந்திருக்கும் நோய் எத்தனை மணி நேரம் தருகிறது என்பதுதான் முதல் கேள்வி. பணம் அதற்கு அடுத்தது. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பாசம் அதிகம் இருப்பவர் பெரிய ஊரை நோக்கி ஓடுகிறார், கையில் பணம் இல்லாதவர் விடியட்டும் என்று காத்திருக்கிறார். இரண்டிலும் உயிர் போயிருக்கிறது.

என் நாய் மணி செத்துப்போனது அப்படித்தான். 2016ஆம் வருடம், மழைக்காலம். கொல்லையில் நல்ல பாம்பு கடித்துவிட்டது. பாம்பை நானே பார்த்தேன். ராத்திரி எட்டு மணி இருக்கும். யோசிக்கவே இல்லை. வேப்பேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும் என்று வாடகைக் காரில் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினேன். புதுச்சேரி தாண்டும்போது கண் இமை தொங்கியது, எச்சில் விழுங்க முடியவில்லை. மரக்காணம் நெருங்கும்போது மூச்சு நின்றுவிட்டது. நல்ல பாம்பு விஷம் நரம்பைத் தாக்கி மூச்சுத் தசைகளைச் செயலிழக்க வைக்கும். நம் ஊரில் ஆட்களுக்குப் போடும் விஷமுறிவு மருந்தையேதான் நாய்க்கும் போடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்குக்கும் சேர்த்துக் குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் ஒரே மருந்து அது. ஒரு வாரம் கழித்து என் தெருவிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சொன்னார்: "ரெண்டு குப்பி மருந்து என் அலமாரியிலயே இருந்துச்சு சார்." அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் விஷமுறிவு மருந்து யார் வைத்திருக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொள்கிறேன். கரும்பும் நெல்லும் வீட்டு வாசல்வரை இருக்கும் ஊர் இது. நீங்களும் கேட்டு வையுங்கள்.

ஆக, விஷக்கடி, இரைப்பை முறுக்கம், ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு, வண்டியில் அடிபட்டு ஈறு வெளுத்துப்போவது, பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, வெயிலில் சுருண்டு விழுவது — இவற்றுக்கெல்லாம் எந்த டாக்டர் மிக அருகில் விழித்திருக்கிறாரோ அவர்தான் சிறந்த டாக்டர். அவரிடம் ஸ்கேன் இல்லாமல் இருக்கலாம், அறுவை அரங்கம் இல்லாமல் இருக்கலாம். ஊசி, டிரிப்ஸ், ஆக்சிஜன், இந்த மூன்றும் தரும் இரண்டு மணி நேரம்தான் அப்போது வேண்டியது. மேற்கொண்டு எங்கே போவது என்பதை அவரிடமே கேட்கலாம். கிளம்புமுன் அங்கே போன் செய்து சொல்லவும் அவரால் முடியும். நடுராத்திரியில் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரை எழுப்புவது நாம் எழுப்புவதைவிடச் சுலபம்.

அரசு கால்நடை மருத்துவமனை பகலில் நல்ல துணை. தடுப்பூசி, காயம், உண்ணி, பூச்சி மருந்து, சாதாரணக் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் நான் இன்றும் அங்கேதான் போகிறேன். ராத்திரிக்கு அதை நம்பி உட்கார முடியாது. 1962 என்ற எண்ணில் வரும் கால்நடை ஆம்புலன்ஸும் முக்கியமாகக் கிராமத்தில் மாடு, ஆடு வைத்திருப்பவர்களுக்காக ஏற்பட்டது. வண்டி ஏற்பாட்டை நாமே முன்கூட்டிச் செய்துகொள்வது நல்லது. நாயை ஏற்ற மாட்டேன் என்று கார்க்காரர்கள் மறுப்பது ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் நமக்குத் தெரியவரும். எங்கள் தெருவில் குட்டி யானை வண்டி ஓட்டும் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன். எந்த நேரமும் வருவார். பின்னால் பாயை விரித்து, பெட்ஷீட்டின் நாலு முனையைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடலாம். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். வாந்தியும் மூச்சுத் திணறலும் இல்லையென்றால் ஒரு துணியால் வாயைக் கட்டிவிட்டுத் தூக்குங்கள்.

இனி மறுபக்கம். உள்ளூரிலேயே வைத்துப் பார்த்ததால் உயிர் போகப் பார்த்த கதையும் என்னிடம் இருக்கிறது.

என் நாய் ராணிக்கு அப்போது ஒன்பது வயது. கருத்தடை செய்யவில்லை, அது என் தப்பு. பருவம் வந்து போய் ஆறு வாரம் இருக்கும். சோறு வேண்டாம் என்றாள், தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தாள். நான்கு நாள் பக்கத்து கிளினிக்கில் வயிற்றுக்கோளாறு என்று ஊசியும் டிரிப்ஸும் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் அறுநூறு எழுநூறு ரூபாய் ஆனது. ஒவ்வொரு ஊசிக்கும் அரைநாள் தெளிவாக இருப்பாள், அப்புறம் சரிந்துவிடுவாள். அந்த அரைநாள் தெளிவுதான் என்னை ஏமாற்றியது. ஐந்தாம் நாள் காலையில் குரும்பாபேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

1994இல் தொடங்கிய கல்லூரி அது, ராஜீவ் காந்தி பெயரில் இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கடலூரிலிருந்து கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக ஊருக்குள் போய், நகரத்தைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். சுமார் 30 கிலோமீட்டர். காலை நெரிசலில் மரப்பாலம், இந்திரா காந்தி சிலை இரண்டையும் தாண்டுவதற்கே பொறுமை வேண்டும். தமிழ்நாட்டுக்காரர் என்பதற்காக எங்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை. ஸ்கேன் செய்த பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது, கர்ப்பப்பை முழுக்கச் சீழ். வெளியே வழியவில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்குப் பருவம் முடிந்து சில வாரத்தில் இது வரும். எந்த ஆன்டிபயாடிக்கையும் நம்பிக் காத்திருக்கக் கூடாது, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும். அன்றைக்கே எடுத்தார்கள். பேராசிரியர் அறுக்க, மாணவர்கள் சுற்றி நின்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். வெளியே வாங்கிக் கொடுத்த மருந்து, தையல் நூல் எல்லாம் சேர்த்து எனக்கு ஆறாயிரத்துக்குள் முடிந்தது.

மாணவர்கள் கை வைக்கிறார்கள் என்று சிலர் கல்லூரி மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. கற்றுக்கொடுக்கும் இடத்தில் எதையும் அவசரமாகத் தாண்டிப் போவதில்லை. ஒரு நாயை நாலு பேர் தொட்டுப் பார்க்கிறார்கள், ஐந்தாவது ஆள் ஏன் என்று கேட்கிறார். நோய் என்னவென்று தெரியாமல் நாள் ஓடுகிறது என்றால் நம் பக்கத்தில் அதற்கு இதைவிடக் குறைந்த செலவில் நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கொடுக்க வேண்டிய விலை நேரம். காலையிலேயே போக வேண்டும், காத்திருக்க வேண்டும், மறுநாளும் மறுநாளும் டிரிப்ஸுக்கு வந்துபோக வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஐந்து நாள் சம்பளமும் மருத்துவச் செலவுதான். அதைக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் பக்கத்துத் தனியார் கிளினிக்கே மலிவு.

பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டிக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். ரத்த வாந்தி, ரத்த பேதி, ஒரு நாளில் குட்டி துவண்டுவிடும். அந்த வைரஸைக் கொல்லும் மருந்து சென்னையிலும் தனியாகக் கிடையாது. வயிறு தேறும்வரை நீர்ச்சத்து குறையாமல் பார்ப்பதும், வாந்தியை நிறுத்துவதும், ஆன்டிபயாடிக் கொடுப்பதும்தான் வைத்தியம். ஐந்து நாள், ஏழு நாள் விடாமல் டிரிப்ஸ் ஏற்ற முடிகிற அருகாமை கிளினிக்தான் அதற்குச் சிறந்தது. முன்னங்காலில் டிரிப்ஸ் ஏற்றும் வென்ஃப்ளான் குழாயைக் கழற்றாமல் கட்டி வைத்து, காலை மாலை கொண்டுபோய் ஏற்றி இரண்டு குட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறேன். மூன்றாவது ஒன்று போய்விட்டது. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டுப் போடும் தடுப்பூசிகளுக்கு ஆகும் செலவு, இந்த ஏழு நாள் செலவைவிடக் குறைவுதான்.

புதுச்சேரி தனியார் கிளினிக்குகள், உள்ளூர் கிளினிக்குக்கும் கல்லூரி மருத்துவமனைக்கும் நடுவில் இருக்கின்றன. ராத்திரி போன் எடுப்பவர்கள் உண்டு, அறுவை செய்பவர்கள் உண்டு, பூனைக்குப் பழகிய கை உள்ளவர்களும் உண்டு. இந்தக் கடைசி விஷயம் சாதாரணமானதல்ல. எதிர்வீட்டு அக்கா வளர்க்கும் சிண்டு என்ற ஆண் பூனை, ஒரு நாள் முழுக்க மண் தொட்டிக்குப் போய்ப் போய் உட்கார்ந்தது. மலச்சிக்கல் என்று நினைத்து அக்கா விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் அடைத்திருந்தது சிறுநீர்ப் பாதை. ஆண் பூனைக்கு அந்தப் பாதை ஈர்க்குச்சி அளவுதான். அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். மயக்கம் கொடுத்து நுணுக்கமாகக் குழாய் விட வேண்டும். கடலூரில் மாட்டுக்கும் நாய்க்கும் பழகிய இரண்டு டாக்டர்கள், முயற்சி செய்து கிழித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று நேர்மையாகச் சொன்னார்கள். அந்த நேர்மைக்கு நான் இன்றும் நன்றியாக இருக்கிறேன். புதுச்சேரியில் குழாய் விட்டு, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள், ஒன்பதாயிரம் ரூபாய். மூன்று வாரத்தில் மறுபடி அடைத்தது. இப்படித் திரும்ப வருவது இந்த நோயின் குணம்.

அப்போது அக்கா முன்னால் இரண்டு வழி வந்தது. சென்னைக்குப் போய்ப் பாதையையே அகலமாக்கும் அறுவை, முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அல்லது இன்னொரு முறை குழாய், அதோடு உலர் தீனியை நிறுத்தி, தண்ணீர் கலந்த உணவாக மாற்றி ஓட்டிப் பார்ப்பது. அக்கா இரண்டாவதை எடுத்தார்கள். மீன் குழம்பில்லாமல் வேகவைத்த மீனும் அந்தத் தண்ணீரும், டாக்டர் எழுதிக் கொடுத்த தீனியுமாக ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, சிண்டு நன்றாக இருக்கிறான். மூன்றாவது முறை அடைத்தால் அறுவைதான் என்று முடிவு செய்து, அதற்காக மாதாமாதம் பணம் ஒதுக்குகிறார்கள். இதை நான் ரொம்பவும் மதிக்கிறேன். முதலிலேயே பெரிய செலவு செய்யவும் இல்லை, கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை.

பூனை என்று வந்ததால் ஒரு வார்த்தை: காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரை போதும், பூனை செத்துவிடும்.

இனி சென்னை. வேப்பேரி கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1905இல் வேப்பேரிக்கு வந்தது. 1989இல் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவானதிலிருந்து அதன் கீழ் இருக்கிறது. கண்ணுக்குத் தனி, எலும்புக்குத் தனி, தோலுக்குத் தனி, இதயத்துக்குத் தனி என்று பிரிவுகள். ராத்திரியிலும் அவசரப் பிரிவு உண்டு. நாய்களுக்கான ரத்த வங்கியும் டயாலிசிஸும் அங்கே இருக்கின்றன. எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், கூட்டம் இருக்கத்தான் செய்யும். விடியற்காலையில் போய்ச் சேர்ந்து டோக்கன் வாங்குகிற மாதிரி கிளம்புவதுதான் சரி.

எதற்கு அங்கே போவது? பல வருடம் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. சென்னை உண்மையிலேயே தேவைப்படும் நோய்களில் பெரும்பாலானவை ஒரு ராத்திரி பொறுக்கும். உடைந்த எலும்புக்குத் தகடு வைப்பது, கண்புரை, இதயத்துக்கு எக்கோ, புற்றுநோய்க்கு வரிசையாக மருந்து ஏற்றுவது, மாதக்கணக்கில் ஆறாத தோல் நோய். வலிக்கு ஊசி போட்டு, தேதி கேட்டு, காலையில் கிளம்பலாம். ஒரு ராத்திரி பொறுக்காத நோய்களுக்கோ அந்த மூன்றரை மணி நேரப் பயணமே தாங்காது. இடையில் இருப்பவை கொஞ்சம்தான். சட்டென்று பின்னங்கால் இரண்டும் விழுந்துபோய், கிள்ளினால்கூட வலி தெரியாத நாய் அதில் ஒன்று. அதற்கு முதுகெலும்பு அறுவை என்றால் முதல் நாளே தேவை. கண்ணாடி விரியன் கடித்து முதலுதவி முடிந்தபின் சிறுநீரகம் நின்றுபோன நாய் இன்னொன்று. எலிக்காய்ச்சலும் அப்படித்தான். வெள்ளம் வடிந்த பின் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் திரிந்த நாய்க்குக் கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்றுவிட்டால் டயாலிசிஸ் உயிரைத் திருப்பித் தரலாம், ஏனென்றால் அந்தச் சிறுநீரகம் தேறக்கூடியது. அது மனிதருக்கும் தொற்றும், கையுறை இல்லாமல் சுத்தம் செய்யாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருக்கெடுத்து, புதுச்சேரி சாலையில் போக்குவரத்தே நின்றுபோனதை நாம் பார்த்தோம். அந்த நாட்களில் குரும்பாபேட்டும் கிடையாது, வேப்பேரியும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் நோயாளி நாய் இருந்தால் மருந்தை இரண்டு வாரத்துக்குச் சேர்த்தே வாங்கி வைக்கிறேன்.

சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. என் நாய் வீராவுக்கு உண்ணிக் காய்ச்சல் முற்றி, மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள். பிளேட்லெட் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது 18 ஆயிரம்தான் இருந்தது. சென்னையில் ஒரு பெரிய இடத்தில் சேர்த்தேன். உள்ளே நுழைந்ததும் முப்பதாயிரம் அட்வான்ஸ். நான்கு நாளில் 71,000 ரூபாய், போக வர வண்டி வாடகை தனி. ஒரே பரிசோதனையைக் காலையும் மாலையும் எடுத்திருந்தார்கள். எது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, மூன்றாம் நாள்வரை நானும் கேட்கவில்லை. வீராவைத் திருப்பியது முதல் நாள் ஏற்றிய ரத்தமும், 28 நாள் கொடுத்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையும். அந்த மாத்திரையின் விலை சில நூறு ரூபாய். ரத்தத்தையும் புதுச்சேரியிலேயே ஏற்றியிருக்கலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. நாய்க்கு முதல் தடவை ரத்தம் ஏற்றும்போது பெரிய எதிர்விளைவு வருவது அரிது. தெருவில் ஆரோக்கியமான, 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு நாய் கொடுக்கலாம். பூனைக்கு இது பொருந்தாது, அதற்கு முதல் தடவையே வகை பார்த்தாக வேண்டும். இப்போது எங்கள் வட்டாரத்தில் மூன்று வீட்டு லேப்ரடார்கள் ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கின்றன, வளர்ப்பவர்களிடம் பேசி வைத்திருக்கிறோம்.

ஆனாலும் அந்த இடத்தில் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். ராத்திரி மூன்று மணிக்கு ஒரு பெண் விழித்து உட்கார்ந்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வீராவின் ஈறைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கூண்டில் நிமோனியா வந்த ஒரு பக் சாதி நாய் ஆக்சிஜன் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பணம் பெரும்பகுதி அந்த விழித்திருக்கும் மனிதருக்குத்தான் போகிறது. மூச்சுக்கு உதவி தேவைப்படும் நாய், பெரிய அறுவை முடிந்த முதல் இரண்டு ராத்திரி, அடுத்தடுத்து வலிப்பு வரும் நாய் ஆகியவற்றுக்கு அது வேண்டியதுதான். மாத்திரையும் டிரிப்ஸும் போதும் என்ற நிலையில் இருக்கும் நாய்க்கு அந்தச் செலவு வேண்டாம். எது என்று தெரிந்துகொள்ள நான் இப்போது எந்த டாக்டரிடமும் முதலிலேயே கேட்கும் கேள்வி இது: "இன்னிக்கு ராத்திரி உயிர் நிக்க எது கட்டாயம் டாக்டர்? எது நாளைக்குப் பாத்துக்கலாம்?" கூடவே, என் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், பாசம் இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று. இதுவரை ஒரு டாக்டர்கூட முகம் சுளிக்கவில்லை. பத்தாயிரத்துக்குள் இதைச் செய்வோம், அதில் தேறாவிட்டால் பேசுவோம் என்று படிப்படியாக வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பணத்தை எப்படிச் சேர்ப்பது? தபால் ஆபீஸில் மாதாமாதம் கட்டும் ஆர்டி போட்டிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னார். நல்ல பழக்கம், ஆனால் இதற்கு உதவாது. மூன்று வருடம் முடியாமல் அதை உடைக்க முடியாது. பன்னிரண்டு தவணை கட்டியபின் பாதித் தொகை கடனாகக் கிடைக்கும், அதையும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாங்க முடியாது. சாதாரண சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தனியாகத் திறந்து, ஏடிஎம் கார்டை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைப்பதே மேல். செல்லப் பிராணிக் காப்பீட்டையும் யோசித்தேன். நான் படித்துப் பார்த்த பாலிசிகளில் முதலில் நாமே கட்டிவிட்டு, பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே இருந்த நோய்க்குக் கிடையாது. போட்டவுடன் சில நாள் காத்திருப்பு உண்டு. தடுப்பூசி போடாமல் வந்த நோய்க்கும் கிடையாது. இளம் வயது, பெரிய சாதி நாய் வைத்திருப்பவருக்கு, கையில் முதலில் கட்டப் பணம் உள்ளவருக்கு, அது பயன்படும். என் வீட்டில் இருப்பது வயதான நாட்டு நாய்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்கி வைப்பதே எனக்குச் சரிப்பட்டது.

கடைசி வழியைப் பற்றிப் பேச யாருக்கும் மனசு வருவதில்லை. மேற்கொண்டு எங்கேயும் போக வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒரு வைத்திய முடிவுதான். ராணிக்கு இப்போது பதிமூன்று வயது. சிறுநீரகம் இரண்டும் மெல்ல மெல்லச் சுருங்கிவிட்டன. சென்னைக்குப் போய் டயாலிசிஸ் பார்க்கலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். வெள்ளத்துக்குப் பின் திடீரென்று நின்ற சிறுநீரகத்துக்கும், வயதால் ஓய்ந்துபோன சிறுநீரகத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. இது திரும்பி வராது. வாரத்துக்கு இரண்டு முறை நான்கு மணி நேரம் வண்டியில் அலைக்கழித்து, தெரியாத இடத்தில் கட்டிப்போட்டு, எத்தனை வாரம்? குரும்பாபேட்டில் ரத்தம் பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சக்குப்பம் டாக்டர் தோலுக்கடியில் டிரிப்ஸ் ஏற்றக் கற்றுக்கொடுத்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து நானே ஏற்றுகிறேன். பதினைந்து நிமிடம், என் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பாள்.

இரண்டு நாள் தொடர்ந்து வாயில் எதுவும் வைக்காவிட்டால், அல்லது எழுந்து வெளியே போக முடியாமல் படுத்த இடத்திலேயே நனைந்தால், டாக்டர் வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் தூக்கத்துக்கு ஒரு ஊசி, அவள் நன்றாக அசந்த பிறகு இன்னொன்று. என்ன செய்வார் என்று முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் மனைவியும் பக்கத்தில் இருந்து கேட்டாள்.

இன்று காலையில் தயிர்ச்சோறு அரைத்தட்டு சாப்பிட்டாள். மீதியை ஒரு மணி நேரம் கழித்து அவளே போய் நக்கி முடித்தாள்.